பூனை இருக்கும் வீட்டில் கருவாடு ஒளிப்பது எப்படி?

தேவையானவை: நெத்திலிக் கருவாடு கால் கிலோ, மூடி போட்ட டப்பா நான்கு, பூனை ஒன்று. பூனையைத் தேடி அலைய வேண்டாம். பொட்டலத்தின் நூலை அவிழ்க்கத் தொடங்கினால் அதுவே வந்து காலை உரசும்.

கருவாட்டில் உப்பு அதிகம், பூனையின் உடம்புக்கு ஆகாது. ஆகவே ஒளித்து வைப்பது உங்கள் கடமை. மனசாட்சி உறுத்தும்போதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களையும் மறுபடி படித்துக்கொள்ளலாம். சைவ வீட்டார் கருவாடு என்று வரும் இடத்தில் தயிர் என்றோ பால்கோவா என்றோ போட்டு வாசிக்கவும். பூனைக்கு அந்த பேதம் கிடையாது. தலைப்புகளை வள்ளுவரிடம் கடன் வாங்கியிருக்கிறேன். போர்க்களத்துக்கு அவர் சொன்னது சமையலறைக்கும் பொருந்தும்.

வலியறிதல்

கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாகப் பூனை நினைக்குமாம். பூனை வளர்க்காத யாரோ கட்டிவிட்ட பழமொழி. இதை நம்பித்தான் பாதிப் பேர் பூனையின் கண்ணெதிரிலேயே பொட்டலத்தின் மேல் முறத்தைக் கவிழ்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று வாசலுக்குப் பேசப் போகிறார்கள். திரும்பி வரும்போது முறம் மல்லாந்து கிடக்கும்.

கண்ணை விட்டு மறைந்த பொருள் எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கிறது என்ற அறிவு மனிதக் குழந்தைக்கே பிறந்த கையோடு வருவதில்லை. அது ஆறு படிகளில் ஏறி வருகிறது என்று சொன்னவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. அதற்காக அவர் வெளியே போய் ஆள் பிடிக்கவில்லை. சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரிடமும் பொருள்களை ஒளித்து ஒளித்துப் பார்த்து, 1937-ல் அதைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். அதில் நமக்கு வேண்டியது ஓர் உருளைக்கிழங்கு. மகள் ஜாக்லினுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் பார்க்கக் கிழங்கை ஒரு டப்பாவில் போட்டார். டப்பாவை விரிப்புக்கு அடியில் கொண்டுபோய், கிழங்கை அங்கேயே கவிழ்த்துவிட்டு, காலி டப்பாவை வெளியே எடுத்தார். குழந்தை டப்பாவுக்குள் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். விரிப்பைத் தூக்கிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்கு அது தோன்றிவிட்டது. பூனைக்குத் தோன்றுகிறதா என்று பார்க்கப் பிறகு பலர் கிளம்பினார்கள். கனடாவின் கியூபெக்கில் லாவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவா டோரே 1986-ல் வெளியிட்ட முடிவு நம் வேலைக்கு உதவும். கண்ணெதிரே மறைத்த பொருளை வளர்ந்த பூனை நேராகப் போய்க் கண்டுபிடித்துவிடும். இடத்தை மாற்றி மறைத்தாலும் பழைய இடத்தில் ஏமாந்து நிற்காது, கடைசியாக மறைந்த இடத்துக்கே போகும். மனிதக் குழந்தை பத்து மாதத்தில் சறுக்குகிற படி இது. ஆனால் உருளைக்கிழங்கு வித்தையில் பூனை மாட்டிக்கொண்டது. பொருள் டப்பாவுக்குள் போனதைப் பார்த்தது, டப்பா மறைவுக்குள் போனதையும் பார்த்தது; மறைவுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யூகிக்கத்தான் முடியவில்லை.

எதிரியின் பலம் பார்த்தது. பலவீனம் பார்க்காதது. முறத்தைக் கவிழ்ப்பதற்கு முன் பூனையை அறையை விட்டு வெளியேற்றி இருந்தால் போதும், இவ்வளவு தூரம் சுவிட்சர்லாந்து வரை போயிருக்கவே வேண்டாம். ஆனால் சமையலறையில் இருந்து பூனையை வெளியேற்றுவது எப்படி என்பது தனிக் கட்டுரை.

இடனறிதல்

வெளியேற்ற முடியாதவர்கள் கிழங்கு வித்தையைச் செய்யலாம். பூனை பார்க்கக் கருவாட்டைத் தூக்குச்சட்டியில் போடுங்கள். சட்டியோடு அரிசி டிரம்முக்குப் பின்னால் போங்கள். டப்பாவுக்கு மாற்றுங்கள். காலிச் சட்டியைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

பூனை விசாரணையைத் தொடங்கும். சட்டியைச் சுற்றி ஒரு நடை. பிறகு தலையை உள்ளே விடும். மீசை முன்னோக்கி விரியும், ஏனென்றால் மூக்குக்கு மிக அருகில் இருப்பது அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது, அங்கே மீசைதான் கண். தலையை எடுத்துவிட்டு வலது முன்னங்காலை விட்டுத் துழாவும். காலை எடுத்து ஒரு தடவை நக்கிப் பார்க்கும். மறுபடியும் தலை. இதற்குள் சட்டியின் கைப்பிடி விழுந்து டங்கென்று சத்தம் கேட்டால், நான்கு அடி பின்னால் தாவி, தான் தாவவே இல்லை என்பதுபோல் உட்கார்ந்து முதுகை நக்கும். இந்தக் கட்டத்தில் சிரிக்கக் கூடாது. சிரித்தவர்கள் ஒளித்த இடத்தைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். அதன் விளைவைக் குறிப்பறிதலில் சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. இதே சோதனையைக் கியூபெக்கின் குளோட் துமா 1992-ல் கொஞ்சம் மாற்றினார். டப்பா ஏற்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, துரத்திப் போகும்போது இரை கண்ணில் இருந்து மறைந்துவிடுகிற மாதிரி அமைத்தார். பூனைகள் தேறிவிட்டன. நியாயம்தானே? எந்த எலியும் டப்பாவில் ஏறிப் பயணம் போவதில்லை. டோரேயின் பூனைகள் தோற்றது அறிவில்லாமல் இல்லை, கேள்வித்தாள் வேறு பாடத்தில் இருந்ததால் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே கருவாட்டை இரையாக்கிவிடாதீர்கள். பொட்டலத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவது, மூலை திரும்பும்போது வால் தெரிய விடுவது, நூலைத் தொங்க விடுவது எல்லாம் பூனைக்கு அதன் தாய்மொழியில் கேள்வி கேட்பது.

நூல் என்றதும் ஒரு துணைக் குறிப்பு. நூல் நுனியில் தீனியைக் கட்டி இழுக்கவிட்டால் பூனை இழுத்துத் தின்னும். பக்கத்தில் தீனி இல்லாத இன்னொரு நூலையும் வைத்துவிட்டால் எதை இழுப்பது என்று அதற்குப் புரிவதில்லை. இங்கிலாந்தில் 15 பூனைகளை வைத்துப் பார்த்து 2009-ல் சொன்னார்கள். கருவாட்டுப் பொட்டலத்தில் ஒரு வெற்று நூலையும் சேர்த்துக் கட்டுவது தற்காலிக நிவாரணம்; கோபம் வந்தால் பூனை இரண்டையும் இழுக்கும்.

காலமறிதல்

டப்பா நான்கு கேட்டிருந்தேன். காரணம் 2006-ல் சில்வன் ஃபிசே என்பவரும் அதே டோரேயும் செய்த வேலை. 24 பூனைகள், பூனைக்கு எதிரே நான்கு பெட்டிகள், ஒன்றின் பின்னால் பூனைக்குப் பிடித்த பொருள் மறைகிறது. மறைந்த உடனே விட்டால் என்ன செய்கிறது, 10 விநாடி, 30 விநாடி, 60 விநாடி காக்க வைத்து விட்டால் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். முதல் 30 விநாடிக்குள் பூனையின் கணிப்பு மளமளவென்று சரிந்தது. 60 விநாடி ஆன பிறகும் குருட்டாம்போக்கைவிடக் கொஞ்சம் மேலே நின்றது, அவ்வளவுதான்.

இந்த அட்டவணை நமக்கு வரம். ஒளித்த பின் ஒரு நிமிடம் பூனையைச் சமாளித்தால் பாதி வெற்றி. ஒரு நிமிடம் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறுபது வரை எண்ணிப் பாருங்கள், இருபதிலேயே அது திரவமாகிவிடும்.

தவறும்போது பூனை எப்படித் தவறியது என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். எங்கேயோ போகவில்லை, சரியான பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டிகளைத்தான் தேடியது. ஆகவே கருவாட்டு டப்பாவுக்கு அடுத்து சீர்வரிசையில் வந்த கண்ணாடி ஜாடியை வைக்க வேண்டாம். பெட்டிகளின் மேலும் சுற்றிலும் அடையாளங்கள் வைத்துப் பார்த்ததில் பூனைக்கு அவற்றால் ஒரு லாபமும் இல்லை. சிவப்பு மூடி, நீல மூடி, பூப்போட்ட ஸ்டிக்கர் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள். உதவப்போவது நாளைக்குத் தேடும் உங்களுக்கு.

எலிப் பொந்தின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறதே, அதற்கா ஞாபகம் ஒரு நிமிடம் என்று கேட்பீர்கள். அங்கே ஞாபகத்துக்கே வேலை இல்லை. பொந்து கண்ணெதிரே இருக்கிறது. பூனை பொந்தை நினைத்துக்கொண்டு உட்காரவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதே மாதிரி அலமாரிக்கு முன்னால் உட்கார விட்டுவிட்டால் உங்கள் அறுபது விநாடி தொடங்கவே தொடங்காது.

இதோடு இந்த அத்தியாயத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கியோத்தோ பல்கலைக்கழகம் விடவில்லை. தாகாகி சாஹோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2017-ல் வெளியிட்டது இது: தீனி வைத்த கிண்ணங்களைப் பூனைக்குக் காட்டி, சிலவற்றில் மட்டும் தின்னவிட்டு, வெளியே கொண்டுபோய்விட்டார்கள். 15 நிமிடம் கழித்துக் காலிக் கிண்ணங்களை அதே இடங்களில் வைத்துக் கூட்டி வந்தால், தின்னாமல் விட்ட கிண்ணங்களையே பூனை அதிக நேரம் ஆராய்ந்தது. முன்கூட்டிப் பயிற்சி எதுவும் இல்லை, ஒரே ஒரு முறை பார்த்ததுதான். நாலில் எங்கே மறைந்தது என்பதை ஒரு நிமிடத்தில் கோட்டை விடும் அதே பிராணிதான், எங்கே பாக்கி இருக்கிறது என்பதைக் கால் மணி நேரம் வைத்திருக்கிறது. வாய் வைத்த பிறகு பிடுங்கிய கருவாட்டை எங்கே ஒளித்தாலும் பிரயோசனமில்லை, அது இப்போது உங்கள் பேரில் கடன்.

தலை மறந்தாலும் கால் மறக்காது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மெக்வே, பியர்சன் என்ற இருவர் பூனையை ஒரு சிறு தடுப்பைத் தாண்ட வைத்தார்கள். முன்னங்கால் தாண்டியதும் தீனியைக் காட்டி நிறுத்தினார்கள். பூனை தின்றுகொண்டிருக்கும்போது, வயிற்றுக்குக் கீழே இருந்த தடுப்பைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்கள். பத்து நிமிடம் நின்ற பிறகும்கூட, பூனை நடக்கத் தொடங்கியதும் பின்னங்கால்கள் இல்லாத தடுப்பின் மேல் உயரத் தூக்கித் தாண்டின. தடுப்பைக் கண்ணால் மட்டும் பார்த்து, தாண்டாமல் நின்றிருந்தால் அந்த நினைவு சீக்கிரம் போய்விடுகிறதாம். அலமாரித் தட்டில் ஒரே ஒரு முறை பூனை கால் வைத்துவிட்டால் வேறு தட்டு பாருங்கள்.

குறிப்பறிதல்

நீளமாக எழுத வேண்டிய அத்தியாயம் இதுதான், ஏனென்றால் ஒளித்த பொருள் வெளிப்படுவது பெரும்பாலும் பூனையின் சாமர்த்தியத்தால் இல்லை, வீட்டு மனிதர்களால்.

காட்சி ஒன்று. சமையலறையில் இருந்து குரல்: "ஏங்க, அந்தப் பொட்டலத்த எங்க வச்சீங்க?" கணவர் பேப்பரில் இருந்து கண்ணெடுக்காமல் இருந்தால் பிழைத்தார். அவரோ, "அங்கதான்மா" என்று மோவாயால் மேல்தட்டைக் காட்டுகிறார். வாசற்படியில் தூங்கிக்கொண்டிருந்த பூனையின் ஒரு காது மட்டும் திரும்புகிறது.

புடாபெஸ்டின் ஆய்வாளர்கள் 2005-லேயே சொல்லிவிட்டார்கள்: கையால் சுட்டிக் காட்டினால் எந்தக் கிண்ணத்தில் தீனி ஒளிந்திருக்கிறது என்று நாயைப் போலவே பூனையும் பிடித்துக்கொள்கிறது. 2019-ல் அதற்கு மேலே போனார்கள். கையே வேண்டாம், இரண்டு கிண்ணத்தில் ஒன்றைப் பார்வையால் காட்டினால் போதும், பத்துக்கு ஏழு தடவை பூனை சரியான கிண்ணத்துக்குப் போகிறது. இத்தனை நாள் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் திரும்பாமல் படுத்திருந்தது உங்களைக் கவனிக்காததால் அல்ல என்று இதற்குப் பொருள்.

ஆகவே ஒளித்த பிறகு அந்தத் திசையைப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருப்பதற்காக எதிர்த் திசையையே முறைத்துக்கொண்டும் இருக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அவர்களுக்கு இடத்தைச் சொல்லவே வேண்டாம், "அப்பா, பூனைக்குத் தெரியலப்பா!" என்று சரியாக அந்த டப்பாவைப் பார்த்தபடிதான் சொல்வார்கள்.

எட்டாத கிண்ணத்தில் தீனி இருந்தால் நாய் சீக்கிரமே எசமானர் முகத்தைத் திரும்பிப் பார்த்து உதவி கேட்கிறது, பூனை அப்படிப் பார்ப்பது குறைவு என்பதும் அந்த 2005 ஆய்விலேயே இருக்கிறது. முயற்சி நடந்துகொண்டிருக்கும் விவரம் உங்களுக்குச் சொல்லப்படாது. விழுந்த பிறகு சத்தம் கேட்கும்.

சத்தத்தைப் பற்றி. காய்ந்த நெத்திலி டப்பாவுக்குள் சலசலக்கும். மறுபடியும் கியோத்தோ, 2016: முப்பது பூனைகளுக்கு எதிரே ஒரு பெட்டியைக் குலுக்கிக் காட்டிப் பிறகு கவிழ்த்தார்கள். உள்ளே மின்காந்தம் இருந்ததால் பந்து உருள்வதையும் விழுவதையும் ஆய்வாளர் விருப்பப்படி நிறுத்த முடியும். சத்தம் வந்து பந்து விழாதபோதும், சத்தமே வராமல் பந்து விழுந்தபோதும் பூனைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றன. சத்தம் இருந்தால் பொருள் இருக்க வேண்டும், பொருள் இருந்தால் கீழே விழ வேண்டும் என்று அவற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு உதைத்தால் முகத்தில் தெரிகிறது. டப்பாவைச் செய்தித்தாள் திணித்து இறுக்கிவிடுங்கள். குலுக்கிப் பார்த்து "எவ்வளவு இருக்கு?" என்று கணக்கெடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

மூக்கைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததற்குக் காரணம், பேசினால் வழிகாட்டி முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் வாசனை காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்க எல்லாப் பெட்டிகளிலும் தீனியைத் தேய்த்துவிடுகிற உபாயம் ஒன்று உண்டு. பூனை குழம்பி, கண்ணையும் ஞாபகத்தையும் மட்டும் நம்ப வேண்டிவரும். வீட்டில் இதைச் செய்தால் நான்கு டப்பாவும் கீழே கிடக்கும். கருவாட்டுக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: கருவாடு காலியாகும், மாத்திரை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி தட்டில் இருக்கும்.

ஒளிந்துண்ணல்

கருவாட்டை ஒளிக்க வேண்டாம், நானே ஒளிந்துகொண்டு தனியாகச் சாப்பிட்டுவிடுகிறேன் என்பவர்களுக்காக இந்தப் பகுதி. (தலைப்பு வள்ளுவருடையது அல்ல, இப்படி ஒரு நிலைமை அவருக்கு வரவில்லை.) 2021-ல் தாகாகியின் குழு பூனையைத் தனியாக ஓர் அறையில் விட்டு, வளர்ப்பவரின் குரலை வெளியில் ஓர் ஒலிபெருக்கியில் கேட்க வைத்தது. அடுத்த கூப்பிடல் திடீரென்று உள்ளே வேறொரு இடத்தில் இருந்து வந்தது. அந்த நேரத்துக்குள் மனிதர் வந்து சேர்ந்திருக்க வழியில்லை. பூனைகள் திடுக்கிட்டு அங்குமிங்கும் பார்த்தன. கண்ணில் படாத நீங்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பூனை மனதில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. மொட்டை மாடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பதும் அந்த வரைபடத்தில் உண்டு.

கள்ளாமை

இவ்வளவும் செய்து பார்த்துச் சலித்தவர்கள் தூத்துக்குடிப் பக்கம் ஆச்சிமார் செய்ததைச் செய்யலாம். அவர்கள் ஒளிக்கவே இல்லை. உத்தரத்தில் இருந்து கயிற்று உறி கட்டி, பூனை பார்க்கப் பார்க்கப் பானையை அதில் ஏற்றினார்கள். "ஆச்சி, அது பாக்குது" என்றால், "பாக்கட்டும். எட்டுனாத்தான?" என்பார்கள். பூனைக்கு என்ன தெரியும் என்கிற விவாதத்துக்குள் உறி போவதே இல்லை. எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அதன் வேலையே தொடங்குகிறது.

கட்டும் முறை: ஐந்தடி உயரம் நல்ல பூனைக்கு ஒரே தாவு, ஆகவே தரையில் இருந்து ஏழடிக்குக் குறையக் கூடாது. உறியைச் சுற்றி ஒரு பாகத் தூரத்துக்கு அலமாரி, ஃபிரிட்ஜ், ஜன்னல் கம்பி, கிரைண்டர், தண்ணீர் ஃபில்டர் எதுவும் இருக்கக் கூடாது. இப்போதைய அடுக்குமாடிச் சமையலறையில் அப்படி ஓர் இடம் கிடையாது என்பதும், இருந்தாலும் கொக்கி மாட்ட உத்தரம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கருவாட்டை வெந்நீரில் போட்டு அலசி, கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்து இன்றைக்கே குழம்பு வைத்துவிடலாம். சட்டிக்கு மூடி, மூடி மேல் அம்மிக் குழவி. குழவி இல்லாதவர்கள் குக்கரில் தண்ணீர் நிரப்பி வைக்கவும்.